இடைநின்றவர்கள்: எவருமில்லை

ஜூலை 15, செவ்வாய்

தேவகி, இந்நேரத்தில் உன் போன் சத்தம் போட்டிருந்தால் மன்னித்துக்கொள். மித்ரா இப்போதுதான் கண் அசந்தாள். தூக்கம் வராவிட்டால் அன்றன்று நடந்ததை எழுதி அனுப்பு, காலையில் பள்ளிக்கூடம் போகும் பேருந்தில் படித்துக்கொள்கிறேன் என்று நீதான் சொன்னாய். ஆகவே தேதி போட்டு எழுதுகிறேன். படிக்க நேரமில்லையென்றால் விட்டுவிடு. இல்லை, விட்டுவிடாதே.

மித்ராவுக்குச் சளி இறங்கவே இல்லை. வீட்டுக்காரர் இன்னொரு நேர்முகத் தேர்வுக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார். அவர் கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். மித்ராவை எங்கள் நிர்வாகத்தின் பள்ளியிலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்து எல்.கே.ஜி.யும் ஊழியர் பிள்ளை என்று கட்டணமில்லாமல் கிடைக்கலாம். கிடைக்க வேண்டும்.

கல்லூரியில் நான் உதவித்தொகைப் பிரிவு. உங்களுக்கு வந்த அதே பணம்தான். ஆதிதிராவிட மாணவர்களுக்கு அரசு போடுவது அவரவர் வங்கிக் கணக்கில் விழும், அங்கிருந்து கல்லூரிக்கு வந்துசேர வேண்டும். பிள்ளைகள் கைவைத்துவிடக் கூடாதே என்று சேரும் அன்றே ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். பின்பக்கம் ரகசிய எண்ணை ஒட்டி, வகுப்புவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு என் மேஜையில் வைத்திருப்பேன். பணம் விழும் வாரத்தில் டிரைவரைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வருவதும் நான்தான்.

இன்று நலத்துறையிலிருந்து கடிதம் வந்தது. போன வருடம் நடுவில் படிப்பை விட்டவர்கள் யார், எந்தத் தேதியில் விட்டார்கள், அவர்கள் பணத்தை அரசுக்குத் திருப்பிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இருபத்தெட்டாம் தேதி ஆய்வு.

நிர்வாக அலுவலர் நாச்சிமுத்து சார் கடிதத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டார். “நம்மகிட்ட ரெண்டே பேருதானுங்க அம்மிணி. ஒருத்தன் பைக்ல போயிச் செத்தான். பேப்பர்ல போட்டோவோட வந்துருச்சு, செத்தவனைக் கொண்டாந்து வகுப்புல உக்கார வெக்க முடியாது. அவன் பணத்தைத் திருப்பிக் கட்டிப்போடலாம். இன்னொன்னு யாரு?”

“நர்மதா சார். தீபாவளிக்கு ஊருக்குப் போனவ, வரவே இல்ல.”

“உசுரோட இருக்கறா இல்ல? அப்பறமென்னங்க!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நர்மதாவின் பணம் பிப்ரவரியில்தான் விழுந்தது. அதையும் மற்றவர்களுடையதோடு சேர்த்து நான்தான் எடுத்தேன். கணினியில் அவள் பெயர் இல்லாததால் ரசீது வரவில்லை, பணத்தை அப்படியே சாரிடம் கொடுத்தேன். திருப்புவது என் வேலை இல்லையே.

ஜூலை 17, வியாழன்

பேர் சொன்னதும் வந்து நிற்பதுபோல, நர்மதா இன்று வந்தாள்.

ராசிபுரம் பக்கம் அவள் ஊர். அம்மா பாப்பாத்தி மில்லில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். அதனால்தான் படிப்பை விட்டிருக்கிறாள். அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மீதி நேரத்தில் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குவது. இப்போது அம்மா கம்பு ஊன்றி நடக்கிறாளாம். சொல்லும்போதே இவளுக்குப் பல்லெல்லாம் தெரிகிறது.

“இந்துக்கா, கவர்மென்ட் நர்சிங்ல எனக்கு எடம் கெடைச்சிருச்சுங்க்கா. எங்கம்மாவப் பாத்ததுல பாதி நர்சு ஆயிட்டேன், மீதியப் படிச்சாப் போதும். ஆகஸ்ட் ஆறாந் தேதிக்குள்ள டி.சி., மார்க் சீட்டு ஒரிஜினல் எல்லாம் குடுக்கணுமாம். இல்லீனா அடுத்த ஆளுக்குப் போயிருமாம்.”

உள்ளே போய்ச் சொன்னேன். சார் தலை நிமிரவில்லை. “மிச்சம் மூணு வருசப் பீஸை அவங்கப்பனா கட்டுவான்? கட்டிப்போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க.”

வெளியே வந்து அதை அப்படியே சொல்ல மனம் வரவில்லை. “அடுத்த வாரம் பாக்கலாம் நர்மதா” என்றேன். “அக்கா, அந்த ஏ.டி.எம். கார்டும்...” என்று இழுத்தாள். “அதெல்லாம் தானாவே கேன்சல் ஆயிருக்கும்” என்று அனுப்பிவைத்தேன். போகும்போது நன்றி வேறு சொன்னாள்.

ஜூலை 18, வெள்ளி

உன் பதில் பார்த்தேன். “அது அவளோட பேப்பர்டி. எடுத்துக் கையில குடுத்துட்டு வேற வேலையப் பாரு.” உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் சான்றிதழ்கள் வைத்திருக்கும் பீரோ, சார் அறையில் இருக்கிறது தேவகி. நான் என்ன செய்ய?

ஜூலை 22, செவ்வாய்

இன்று மனசு லேசாக இருக்கிறது. எல்லாருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்தேன், நானே.

நர்மதா ஏப்ரல் வரை வந்து படித்தாள் என்று வருகைச் சான்று இருந்தால் அரசுக்குத் திருப்ப எதுவுமே இல்லை. டி.சி.யிலும் ஏப்ரல் என்று போட்டுக் கையில் கொடுத்துவிடலாம். கல்லூரிக்குப் பணம், அவளுக்குச் சான்றிதழ். வெறும் தேதிதானே? யாருக்கு என்ன நஷ்டம்?

சார் நாற்காலியைத் திருப்பி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “அட, அம்மிணிக்கு இத்தனை மூளை இருக்குதா! இத்தனை நாளா எங்க வெச்சிருந்தீங்க?” கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

வகுப்புப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அதனால் தனித் தாளில் தயார் செய்யச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறையில் தொங்கும் நாள்காட்டியையும் போன வருட நாள்காட்டியையும் வைத்துக்கொண்டு எழுதினேன். சிவப்புத் தேதிகளை விட்டுவிட்டேன். இயல்பாக இருக்கட்டும் என்று மாதத்துக்கு ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் கொடுத்தேன். பொங்கலுக்கு முந்தின நாள் கட்டாயம் வந்திருக்க மாட்டாள், அதையும் கவனித்துப் போட்டேன்.

ஆய்வுப் படிவத்தில் ‘இடைநின்றவர்கள்: எவருமில்லை’ என்று தட்டச்சு செய்தாகிவிட்டது. செத்தவன் அந்தக் கணக்கில் வரமாட்டானாம்.

ஜூலை 24, வியாழன்

மித்ரா தலையில் பேன். தாளாளருக்கு வேண்டிய பையன் ஒருவன் டி.சி. கேட்டு வந்தான், சார் இல்லை, என்னிடமிருந்த சாவியால் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 28, திங்கள்

அவசரமாகத் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆய்வுக்கு ஓர் அம்மாள் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு தாள்களைக் கடகடவென்று தள்ளினார். இளநீர் குடித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது நர்மதாவின் வருகைச் சான்றில் விரலை வைத்து நின்றுவிட்டார்.

“டிசம்பர்ல ஒரு வியாழன், வெள்ளி. ரெண்டு நாளும் மழைக்குக் கலெக்டர் லீவு விட்டாரே. எங்க வீட்டு வாண்டுங்க ரெண்டும் சேர்ந்து சோபாவைக் கிழிச்ச நாளு, எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. மாவட்டமே மூடிக் கெடந்துச்சு. இந்தப் பொண்ணு மட்டும் எப்படிம்மா காலேஜுக்கு வந்தா? நீந்தியா?”

மழை விடுமுறை நாள்காட்டியில் அச்சாகி வராது தேவகி. அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இரண்டு நாளும் நானும் மித்ராவும் போர்வைக்குள் படுத்துக்கிடந்தோம், அதுகூட ஞாபகம் வரவில்லை.

சார் அசையவில்லை. “இது நாங்க தயார் பண்ணுனது இல்லீங்க மேடம். அந்தப் பொண்ணே எங்கியோ எழுதி வாங்கிட்டு வந்து குடுத்துச்சு. நம்ம ஆபீஸ் பொம்பளப் புள்ளைங்க வெள்ளந்தி, நம்பி வாங்கி வெச்சுட்டாங்க.” என் பக்கம் திரும்பினார்.

அவர் கேட்பதற்கு முன்பே “ஆமா மேடம்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப அந்தப் பொண்ணு கைப்பட எழுதின விளக்கத்தை வாங்கிக் குடுங்க. ஒரு வாரம். வரலைன்னா தயாரிச்சது காலேஜ் ஆளுன்னுதான் எழுதுவேன்” என்று பையை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 29, செவ்வாய்

சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

“தாளாளர் கேக்கறாருங்க, இது யாரு எழுத்துன்னு. உங்க எழுத்துதான் முத்து முத்தா இருக்குமே அம்மிணி, ஊருக்கே தெரியும். நான் எதுவும் சொல்லல.” டீயை உறிஞ்சினார். “எல்.கே.ஜி. லிஸ்ட்டு வெள்ளிக்கெழம போடறாங்களாம். பாப்பா பேரு என்ன சொன்னீங்க?”

“மித்ரா சார்.”

“நல்ல பேரு. அந்தப் பொண்ணுக்கு நீங்கன்னா ஒரு இது. கூப்பிட்டா வரும்.”

அவருக்குக் கோயம்புத்தூர் வேலை கிடைக்கவில்லை. போனில் சொன்னார். நான் இங்கே நடந்தது எதையும் சொல்லவில்லை.

ஜூலை 31, வியாழன்

நர்மதாவைக் கூப்பிட்டேன், வந்தாள். மித்ராவின் பள்ளி அரை நாள்தான் என்பதால் அவளும் அலுவலகத்தில் இருந்தாள். பார்த்த உடனே நர்மதாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள். அவளை மடியில் வைத்துக்கொண்டேதான் நர்மதா எழுதினாள்.

“சான்றிதழ் கேட்டு ஒரு மனு எழுதணும். உன் கையாலயே எழுதிக் குடு” என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ‘உயர்திரு அலுவலர் அவர்களுக்கு’, ‘தாழ்மையான வணக்கம்’, குடும்ப நிலை, அம்மாவின் இடுப்பு. அதுவரை தலையாட்டிக்கொண்டே எழுதினாள். பிறகு ‘நான் படிப்பை இடையில் நிறுத்தியதை மறைத்து, தவறான வருகைச் சான்று கொடுத்து, உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டேன். என் தவறை மன்னித்து...’ என்று சொன்னதும் பேனா நின்றது.

“அக்கா, நான் ஒண்ணும் குடுக்கலீங்களே. பணமும் எனக்கு வரலீங்க.”

“எல்லா மனுவும் இப்படித்தான் நர்மதா எழுதுவாங்க. தப்புப் பண்ணாதவளுக்கு எதுக்கு மன்னிப்புன்னு கேட்டு மனுவைத் தூக்கிப் போட்டுருவாங்க. பணிஞ்சு போனாத்தான் எரக்கம் வரும். ஆறாந் தேதிக்குள்ள வேணுமா வேண்டாமா?”

அதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “ஆமாங்க்கா. பள்ளிக்கூடத்துல லீவு லெட்டருக்கு எப்பவும் வயித்து வலின்னுதான் எழுதுவோம். நெசமான காரணத்த எழுதுனா டீச்சரு திட்டும்.” எழுதினாள். எழுதி முடித்து மித்ராவின் விரலைப் பிடித்து, கையெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைக்கச் சொன்னாள். “பாப்பாவும் சாட்சி.”

எழுத்து அழகாகவே இருந்தது. என் எழுத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

அவளை நான் கட்டாயப்படுத்தவில்லை தேவகி. படித்த பெண், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

உன்னிடமிருந்து பதில் இல்லை. படித்ததற்கு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது. மித்ரா பெயர் பட்டியலில் வந்துவிட்டது, இரண்டாவதாக.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சார் மனுவை நலத்துறைக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வரும்போது அலுவலகம் முழுவதற்கும் ஜாங்கிரி வாங்கி வந்தார். கல்லூரி மேல் குற்றமில்லை என்று குறிப்பு எழுதியாகிவிட்டதாம். பொய்ச் சான்று கொடுத்து எடுத்த பணத்தை அந்த மாணவியே திருப்பிக் கட்ட வேண்டும். கட்டும்வரை சான்றிதழ்கள் கல்லூரிப் பொறுப்பில் இருக்கும். அந்த அம்மாள் மனுவை இரண்டு தடவை படித்து, “நல்லா எழுதுது, பாவம், புத்தி இப்படிப் போச்சே” என்றாராம்.

‘எவருமில்லை’ என்பதை ‘ஒருவர்’ என்று திருத்தி, நர்மதாவுக்கான நோட்டீசையும் தட்டச்சு செய்தேன். தபாலில் போடுவதற்குள் நேரமாகிவிட்டது.

இரவு நர்மதா கூப்பிட்டாள். மித்ராவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், எடுக்க முடியவில்லை. பிறகும் கூப்பிட்டாள். அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பால் திரிந்துவிட்டது. மித்ராவின் சீருடைக்கு அளவு கொடுத்தோம். வளரும் பிள்ளை என்று தையற்காரர் மடிப்பில் கொஞ்சம் தாராளமாகத் துணி விட்டார். போனை அலுவலகத்தில் சார்ஜில் போட்டு மறந்துவிட்டேன், சாயங்காலம் போய்த்தான் எடுத்தேன். குரல் பதிவு ஒன்று இருக்கிறது. கேட்கவில்லை. நாளைக்குக் கோதுமை அரைக்கக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நர்மதா அப்பாவோடு வந்தாள். மாதையன் என்று பெயர், லாரியில் லோடு ஏற்றுகிறவர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். கழற்ற வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

“சார், முந்தாநேத்தோட தேதி முடிஞ்சு போச்சுன்னு நர்சிங் காலேஜ்ல சொல்லிட்டாங்க. ஒருநா தயவு பண்ணிக் கேட்டுருக்கறோம். இன்னிக்குக் குடுத்தீங்கன்னா ராத்திரியே பஸ் ஏறிக் கொண்டுபோயிருவோமுங்க” என்றார்.

சார் மனுவின் நகலை எடுத்து உரக்கப் படித்தார். அந்த வரி வந்ததும் நிறுத்தி மறுபடி படித்தார். “உம்ம புள்ள எழுத்துதானுங்களே இது? பாத்துச் சொல்லுங்க.”

மாதையன் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது, கையெழுத்தை மட்டும் பார்த்தார். “பணம் வந்துச்சாடி?”

“வரலப்பா. அக்காதான் இப்படி எழுதச் சொன்னாங்க. இந்துக்கா, சொல்லுங்க்கா. கார்டுகூட அவங்ககிட்டதாப்பா இருக்குது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கார்டு என்னிடம் இல்லை. முந்தின நாளே அதைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டிருந்தேன், மேஜையை ஒழுங்குபடுத்தும்போது.

“நான் எப்ப சொன்னேன் நர்மதா? நீயாதானே உக்காந்து எழுதிக் குடுத்துட்டுப் போனே” என்றேன். குரல் ஏறவே இல்லை. என் குரல் அவ்வளவு நிதானமாக இருந்து நான் கேட்டதில்லை.

மாதையன் அவள் கன்னத்தில் அறைந்தார். இன்னொன்று. “ஆத்தா படுக்கையில மோண்டுகிட்டுக் கெடந்தாளேடி. மாத்திரைக்கு நான் ஊரெல்லாம் கையேந்துனனே. எத்தனைடி எடுத்தே? எவனுக்குடி குடுத்தே?”

“இங்க வெச்சு அடிக்காதீங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க. பசங்க பாக்கறாங்க” என்றார் சார்.

நர்மதா அழவில்லை. கன்னத்தில் கை வைக்கவும் இல்லை. போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார், அவள் குனிந்து அதைச் சரியாக்கிக் கொடுத்தாள்.

மதியம் சாப்பிட முடிந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 9, சனி

தேவகி, நீ பேசாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதைப் படித்துவிடு. இது மட்டும் முக்கியம்.

டிரைவர் இன்று சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் நர்மதா அவரிடம் பேசினாளாம். வங்கியில் கணக்கு விவரம் வாங்கிவிட்டாளாம், பிப்ரவரியில் பணம் எந்த ஏ.டி.எம்.மில் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று அதில் இருக்கிறதாம். எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரில். அந்த நேரத்தில் அவள் அரசு மருத்துவமனையில் அம்மாவுடன் இருந்ததற்குச் சீட்டு வைத்திருக்கிறாளாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். மனுவோடு போகப்போகிறாளாம். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார், தனியாகப் போகிறாளாம். “இந்தத் தடவ நெசத்த எழுதுவேண்ணா” என்று சொல்லியிருக்கிறாள்.

சாரிடம் சொன்னேன். “ஏ.டி.எம்.க்குப் போனது நானா அம்மிணி?” என்று கேட்டார். அதோடு எழுந்து போய்விட்டார்.

நீ அவளுக்கு ஒரு போன் செய். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள், எடுத்தாலும் என்னை நம்பமாட்டாள். நீ அப்படியில்லை. நீயும் அந்தப் பணத்தில் படித்து டீச்சரானவள். உங்கள் ஆள் ஒருத்தி சொன்னால் கேட்பாள். இடம் எப்படியும் போய்விட்டது, இனி மனு கொடுத்தாலும் அது திரும்ப வராது. அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போடலாம். கேஸ் என்று பேர் கெட்டால் எந்தக் கல்லூரியிலும் சேர்க்கமாட்டார்கள், அப்பாவுக்கும் லோடு வேலை போய்விடும் என்று சொல். கொஞ்சம் பயப்படும்படியே சொல். ஆனால் அன்பாகச் சொல், உனக்கு அது வரும். அவளும் நல்ல பெண்தான்.

நம் ஹாஸ்டலில் எல்லாரும் தனித்தனியாகச் சாப்பிட்டபோது உன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். அதை நினைத்துப் பார்த்து இதைச் செய்.

இதுவரை நான் அனுப்பியதையெல்லாம் உன் போனிலிருந்து அழித்துவிடு. நர்மதாவின் எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நாளைக்குள் பேசிவிட வேண்டும். மித்ராவுக்கு நாளை மறுநாள்தான் எல்.கே.ஜி. தொடங்குகிறது, புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டேதான் தூங்குகிறாள்.

பேசினாயா இல்லையா என்று மட்டும் சொல். சீக்கிரம் பதில் போடு.